மனித உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும்: மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்கான முழுமையான கற்றல் வழிகாட்டி

க.பொ.த. உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் படித்துவிட்டு, மட்டக்களப்பில் தாதியர் பயிற்சிக்கோ கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்துக்கோ வந்து சேரும் மாணவரை முதல் மாதத்திலேயே திணறவைப்பது பாடத்தின் கடினம் அல்ல, அதன் அளவு. வளர்ந்த மனிதரின் உடலில் 206 என்புகள் உள்ளன. ஒவ்வொரு என்பிலும் பெயருள்ள மேடுகளும் பள்ளங்களும் துளைகளும் உண்டு. அவற்றில் தசைகள் பற்றியிருக்கின்றன. தசைகளுக்கு இடையே நாடிகளும் நாளங்களும் நரம்புகளும் ஓடுகின்றன. உயர்தரத்தில் கைகொடுத்த மனனத்தை மட்டும் நம்பி இவற்றைத் தொடங்கியவர்கள் இரண்டாவது மாதத்தில் முதல் மாதத்துப் பாடத்தை மறந்துவிடுகிறார்கள்.

இந்த வழிகாட்டி வலியுறுத்துவது ஒன்றைத்தான். ஓர் உறுப்பின் அமைப்பைப் படிக்கும் அதே வேளையில் "இது ஏன் இப்படி அமைந்திருக்கிறது" என்ற கேள்வியையும் கேட்டுவிட வேண்டும். அமைப்பை ஒரு கொப்பியிலும் தொழிலை வேறொரு கொப்பியிலும் எழுதி இரண்டையும் தனித்தனியே பாடமாக்குபவருக்குச் சுமை இரட்டிப்பாகிறது. இரண்டையும் ஒன்றாகக் காண்பவருக்கு ஒன்று மற்றொன்றை நினைவூட்டுகிறது.

முதற்படி: உடலை ஒரே நிலையில் நிறுத்திப் பார்த்தல்

உடற்கூற்றியலில் சொல்லப்படும் எல்லாத் திசைகளும் ஒரே ஒரு நிலையிலிருந்து கணிக்கப்படுகின்றன. நிமிர்ந்து நின்று, முகம் முன்னோக்கி, கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கைகள் முன்னோக்கித் திரும்பியிருக்கும் நிலை அது. உள்ளங்கை ஏன் முன்னோக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. அந்த நிலையில்தான் முன்கையின் ஆரையென்பும் அரந்தியென்பும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்கும். உள்ளங்கையைப் பின்னோக்கித் திருப்பினால் ஆரை அரந்தியைக் குறுக்காகக் கடந்துவிடும். இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு வலது கையைத் திருப்பிப் பாருங்கள், என்பு நகர்வதை விரல்கள் உணரும்.

படத்தில் உங்கள் இடப்பக்கம் தெரிவது அந்த உடலின் வலப்பக்கம் என்பதைத் தொடக்கத்திலேயே பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். ஈரல் படத்தின் இடப்பக்கத்தில் வரையப்பட்டிருப்பதைக் கண்டு தடுமாறாத நிலை வரும்வரை அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம். அண்மை (உடலின் நடுப்பகுதிக்குக் கிட்டியது), சேய்மை (அதிலிருந்து விலகியது), நடுக்கோட்டுப்புறம், பக்கப்புறம் போன்ற சொற்களை வரைவிலக்கணமாக ஒப்புவிப்பதில் பயனில்லை. "முழங்கை மணிக்கட்டுக்கு அண்மையில் உள்ளது", "பெருவிரல் சிறுவிரலுக்குப் பக்கப்புறத்தில் உள்ளது" என்று உடலைத் தொட்டுக்கொண்டே வாக்கியமாகச் சொல்லிப் பழகினால் ஒரு வாரத்தில் அவை நாவில் படிந்துவிடும்.

இரண்டாம் படி: கையிலுள்ள தமிழைக் கைவிடாமல் ஆங்கிலத்துக்குப் போதல்

பல்கலைக்கழகப் பாடம் ஆங்கில மொழிமூலத்தில் நடப்பதால், உயர்தரத்தில் கற்றதெல்லாம் வீணாகிவிட்டதாகச் சில மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அது உண்மையன்று. சோணையறை, இதயவறை, நாடி, நாளம், மேலணி இழையம், தொடுப்பிழையம், ஒருசீர்த்திடநிலை என்ற சொற்களோடு உங்களுக்கு ஏற்கெனவே ஒரு விளக்கம் இருக்கிறது; புதிதாக வேண்டியிருப்பது பெயர் மட்டுமே. கொப்பியின் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கத்தில் தெரிந்த தமிழ்ச்சொல்லையும் வலப்பக்கத்தில் விரிவுரையில் கேட்ட சொல்லையும் எழுதி வாருங்கள். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கி அறிவியலைத் தமிழில் சொல்ல உழைத்தவர். அவர் பிறந்த கரையோரத்து மாணவர்கள் தமிழில் கற்ற அறிவியலைக் குறைவாக மதிக்கத் தேவையில்லை.

வலப்பக்கத்துச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்க, இலத்தீன் வேர்களால் ஆனவை. 'நெஃப்ரோ' என்றால் சிறுநீரகம், 'ஹெப்பட்டோ' என்றால் ஈரல், 'ஒஸ்டியோ' என்றால் என்பு, 'மயோ' என்றால் தசை, 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. இத்தகைய வேர்கள் ஐம்பது, அறுபது தெரிந்தால் இதுவரை கேட்டிராத சொல்லையும் பிரித்துப் பொருள் காணலாம்.

மூன்றாம் படி: என்புகளைத் தடவிக் கற்றல்

என்புகளையே முதலில் முடிக்க வேண்டும். தசை எங்கே தொடங்குகிறது, நரம்பு எதைச் சுற்றிச் செல்கிறது, நாடி எந்த இடத்தில் தொட்டுணரக் கூடியது என்பவையெல்லாம் என்பை வைத்தே சொல்லப்படுகின்றன. ஆய்வுகூடத்தில் ஓர் என்பைக் கையில் எடுத்தால் மூன்று கேள்விகளை அந்த வரிசையிலேயே கேளுங்கள்: இது வலமா இடமா, இதன் வழவழப்பான பரப்பு எந்த என்போடு மூட்டாகிறது, இதன் சொரசொரப்பான மேட்டில் எது பற்றியிருக்கிறது. வழவழப்பு மூட்டைக் காட்டும். சொரசொரப்பு இழுவிசை செயற்படும் இடத்தைக் காட்டும். இந்த ஒரு விதி பல பெயர்களைத் தானாக விளக்கிவிடும்.

தோள்மூட்டையும் இடுப்பு மூட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் பந்துக்கிண்ண மூட்டுகளே. தோளில் கிண்ணம் ஆழமற்றது, அதனால் கை எல்லாத் திசைகளிலும் சுழலும். அதே காரணத்தால் எளிதில் விலகியும் விடும். இடுப்பில் கிண்ணம் ஆழமானது, அசைவு குறைவு, ஆனால் உடலின் எடையைத் தாங்கும்.

தாதியர் மாணவர்களுக்கு என்பு மேடுகள் ஏட்டுப் பாடம் அல்ல. பிட்டத்துத் தசைக்குள் ஊசி போடும்போது தவறான இடத்தில் குத்தினால் உடலின் மிகத் தடித்த நரம்பாகிய இடுப்புக்கால் நரம்பு காயப்படலாம். அதைத் தவிர்க்கும் முறைகளுள் ஒன்று முழுக்க முழுக்க என்பு மேடுகளை நம்பியது. நோயாளியின் இடது இடுப்பில் போடுவதானால், உங்கள் வலது உள்ளங்கையைத் தொடையென்பின் பெரிய மேட்டின்மீது வைத்து, சுட்டுவிரலை இடுப்பென்பின் முன்மேல் முனையில் ஊன்றி, நடுவிரலை இடுப்பென்பின் விளிம்பு வழியே பின்னோக்கி விரிக்க வேண்டும்; இரு விரல்களுக்கும் நடுவே உருவாகும் முக்கோணத்துக்குள் பெரிய நரம்போ பெரிய குருதிக்கலனோ இல்லை. தோழியின் இடுப்பிலோ உங்கள் இடுப்பிலோ இந்த மூன்று புள்ளிகளையும் கண்ணை மூடிக்கொண்டு காணும்வரை பழகுங்கள்.

நான்காம் படி: சொந்த உடலையே ஆய்வுகூடமாக்குதல்

குருதி உடலில் சுற்றி வருகிறது என்பதை 1628இல் வெளியிட்ட ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி, அதற்குக் காட்டிய சான்றுகளுள் ஒன்றை நீங்கள் விடுதி அறையிலேயே செய்து பார்க்கலாம். முழங்கைக்கு மேலே ஒரு துணியை மிதமான இறுக்கத்தில் கட்டி, முன்கையில் புடைத்து நிற்கும் நாளமொன்றைத் தேர்ந்தெடுங்கள். மணிக்கட்டுப் பக்கத்தில் ஒரு விரலால் அந்த நாளத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு விரலால் முழங்கையை நோக்கித் தடவி, அடுத்த சிறு முடிச்சைத் தாண்டியதும் அந்த விரலை எடுத்துவிடுங்கள். நாளம் முடிச்சுவரை வெறுமையாகவே கிடக்கும். மேலே உள்ள குருதி கீழே இறங்காது, ஏனெனில் அந்த முடிச்சு ஒரு வால்வு. கீழே அழுத்திய விரலை எடுத்ததும் நாளம் கையிலிருந்து மேல்நோக்கி நிரம்பும். ஒரு நிமிடத்துக்குமேல் கட்டியிருக்க வேண்டாம்.

அதே கையில் முழங்கை மடிப்பைத் தடவுங்கள். கையைச் சற்று மடக்கினால் இருதலைத் தசையின் நாண் கயிறுபோல் தட்டுப்படும். அதற்கு நடுக்கோட்டுப்புறமாக விரலை நகர்த்தினால் புயநாடி துடிக்கும். அதற்கும் உட்புறத்தில் நடுநரம்பு இருக்கிறது. குருதியழுக்கம் அளக்கும்போது இதயத்துடிப்புமானியை எங்கே வைப்பது என்பதற்கும், குருதி எடுக்கும்போது ஊசியை ஏன் ஆழமாகச் செலுத்தக்கூடாது என்பதற்கும் இந்த வரிசையே விடை. இவ்வாறே மணிக்கட்டிலும் கழுத்திலும் முழங்காலின் பின்னேயும் உள்கணுக்காலின் பின்னேயும் பாதத்தின் மேற்புறத்திலும் துடிப்பைத் தேடுங்கள். கழுத்தில் மட்டும் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தையே மெதுவாகத் தொட வேண்டும்.

ஐந்தாம் படி: ஆட்டிதயம் ஒன்றை வெட்டிப் பார்த்தல்

இந்தப் பாடத்தில் ஒரேயொரு செய்முறையை வீட்டில் செய்யக்கூடியவர்கள் இதைச் செய்யட்டும் என்பேன். படத்தில் இதயம் தட்டையானது, நான்கு அறைகளும், அதாவது மேலே இரண்டு சோணையறைகளும் கீழே இரண்டு இதயவறைகளும், நான்கு கட்டங்களாகத் தெரியும். கையில் எடுத்ததும் அந்த எண்ணம் உடைந்துவிடும். காத்தான்குடியிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இறைச்சிக்கடைக்கு முதல் நாளே போய், "நானா, ஆட்டு இதயம் ஒன்று வேணும், மேலே உள்ள குழாய்களை வெட்டாம தாங்க" என்று சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் பெருநாடியையும் மற்றக் கலன்களையும் அடியோடு நறுக்கிவிடுவார்கள், பாதிப் பாடம் அதிலேயே போய்விடும். கையுறையும் கூரிய கத்தியும் ஒரு தட்டும் ஒரு கோப்பை தண்ணீரும் போதும்.

முதலில் வெட்டாமல் பிடித்துப் பாருங்கள். முன்பக்கத்தில் கொழுப்பு படிந்த சாய்வான பள்ளமொன்று ஓடும். அதுவே இரு இதயவறைகளின் எல்லை, அதன் வழியே, இதயத்தசைக்கே குருதி கொடுக்கும் முடியுருநாடியின் கிளையொன்று செல்கிறது. இரு பக்கங்களையும் விரல்களால் அமுக்கினால் ஒன்று தளர்வாகவும் மற்றது கெட்டியாகவும் இருக்கும். கெட்டியானது இடது இதயவறை. இதயத்தின் கூரிய முனையும் அதற்கே உரியது. முன்னால் நிற்கும் பெரிய குழாய் சுவாசப்பை நாடி, அதன் பின்னால் தடித்த சுவருடன் இருப்பது பெருநாடி.

இப்போது சுவாசப்பை நாடியினுள் கத்தியின் முனையை நுழைத்து, பள்ளத்துக்கு அருகாக வலது இதயவறையைக் கீழ்நோக்கித் திறவுங்கள். முக்கூர் வால்வின் மெல்லிய இதழ்களிலிருந்து வெள்ளை நூல்கள் இறங்கி, இதயவறைச் சுவரிலிருந்து எழும் சிம்பித்தசைகளில் முடிவதைக் காண்பீர்கள். அந்த நூல்கள் வால்வை இழுத்துத் திறப்பதாகப் பல மாணவர்கள் எழுதுகிறார்கள், அது தவறு. வால்வைத் திறப்பதும் மூடுவதும் அழுக்க வேறுபாடுதான். இதயவறை சுருங்கும்போது மூடிய இதழ்கள் சோணையறைக்குள் புரண்டுவிடாமல் பிடித்து வைப்பதே நூல்களின் வேலை. ஒரு நூலை நகத்தால் இழுத்துப் பார்த்தால் அதன் உறுதி புரியும்.

அடுத்து இடது இதயவறையைத் திறந்து, இரண்டு சுவர்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். இடச்சுவர் ஏறக்குறைய மூன்று மடங்கு தடிப்பானது. இங்கே நின்று யோசிக்க வேண்டும். ஓய்வில் இரண்டு இதயவறைகளும் ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே அளவு குருதியையே, அதாவது மனிதரில் ஏறத்தாழ 70 மில்லிலீற்றரையே, வெளியேற்றுகின்றன. பின்னர் ஏன் இந்த வேறுபாடு? விடை அளவில் இல்லை, அழுக்கத்தில் இருக்கிறது. சுவாசப்பைச் சுற்றோட்டத்தின் தடை குறைவு, வலது இதயவறை ஏறத்தாழ 25 மி.மீ. இரசம் வரை உயர்த்தினால் போதும். இடது இதயவறை உடல் முழுவதற்கும் செலுத்த 120 வரை உயர்த்த வேண்டியிருக்கிறது.

முடிவாக, பெருநாடியை நிமிர்த்திப் பிடித்து மேலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று அரைமதி வால்வுகளும் பைகள்போல் நிரம்பி ஒன்றோடொன்று சேர்ந்து மூடிக்கொள்ளும். அவற்றுக்குச் சற்று மேலே பெருநாடிச் சுவரில் இரண்டு சிறு துளைகள் தெரியும். அவையே முடியுருநாடிகளின் தொடக்கம். இடது இதயவறைத் தசை சுருங்கும்போது தனக்குள் ஓடும் கலன்களைத் தானே நெரித்துவிடுவதால், அத்தசைக்குப் பெருமளவு குருதி கிடைப்பது இதயம் தளரும்போதுதான். வேகமாக நடக்கும்போதோ மாடியேறும்போதோ துடிப்பு விரைவடைய, தளர்வு நேரம் குறுகுகிறது. தேவை கூடும் அதே வேளையில் குருதி பெறும் நேரம் குறைகிறது. முடியுருநாடி ஒடுங்கிய ஒருவருக்கு உழைக்கும்போது நெஞ்சுவலி வந்து ஓய்வெடுத்ததும் தணிவதற்குக் காரணம் அந்தத் துளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளங்கிவிடும். வேலை முடிந்ததும் மிச்சத்தைப் புதைத்துவிட்டு, கருவிகளையும் கைகளையும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

ஆறாம் படி: உடற்றொழிலியலைச் சங்கிலியாக எழுதுதல்

உடற்றொழிலியலில் தேர்ச்சி பெற்றவரையும் பெறாதவரையும் பிரித்தறிய ஒரு சொல் போதும்: "அதனால்". ஒவ்வொரு கணுவிலும் எது கூடியது அல்லது குறைந்தது, அதை எது உணர்ந்தது, எது பதில் செய்தது என்று எழுதிச் செல்லுங்கள். பாடநூலின் சங்கிலியைப் பார்த்து எழுதுவதைவிட, கண்முன் நடக்கும் ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது.

சிறுபோக அறுவடைக் காலத்தில், ஓகஸ்ட் வெயிலில், அம்பாறை வயலொன்றில் காலை முதல் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. வெளிக்காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையை நெருங்கிவிட்டதால் வெப்பத்தை இழக்க வியர்வை ஆவியாவதே முக்கிய வழி. ஒரு லீற்றர் வியர்வை முற்றாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் நீங்கும்; காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை வழிந்து சொட்டுமே தவிர உடல் குளிராது. வியர்வையில் உப்பு இருந்தாலும் குருதியின் திரவப் பகுதியாகிய திரவவிழையத்தைவிடக் குறைவான செறிவிலேயே இருக்கிறது. அதனால் உடல் உப்பைவிட நீரை அதிக விகிதத்தில் இழக்கிறது, எஞ்சும் குருதியின் செறிவு கூடுகிறது, கனவளவு குறைகிறது.

இங்கிருந்து சங்கிலி இரண்டாகப் பிரிகிறது. செறிவு கூடியதை மூளையின் பரிவகக்கீழ் என்ற பகுதியிலுள்ள வாங்கிகள் உணர்கின்றன, தாகம் எடுக்கிறது, கபச்சுரப்பியின் பின்மடல் சிறுநீர் பெருக்கெதிர் ஓமோனை விடுவிக்கிறது, அது சிறுநீரகத்தின் சேர்க்கும் கான்களில் நீர்வழிப் புரதங்களைச் சவ்வுக்குக் கொண்டுவருகிறது, நீர் மீள உறிஞ்சப்பட்டு, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகிறது. மறு கிளையில், கனவளவு குறைந்ததைச் சிறுநீரகம் உணர்ந்து ரெனினைச் சுரக்கிறது. ஈரலிலிருந்து வந்த புரதமொன்றை அது அஞ்சியோதென்சின் ஒன்றாக மாற்ற, பெரும்பாலும் சுவாசப்பையில் உள்ள நொதியம் அதை அஞ்சியோதென்சின் இரண்டாக்குகிறது. அது கலன்களைச் சுருக்குவதோடு, அதிரீனற் சுரப்பியின் மேற்பட்டையிலிருந்து அல்தொஸ்தெரோனைச் சுரக்கச் செய்கிறது. சிறுநீரகம் சோடியத்தைக் காத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. இதற்கிடையே குளிர்வதற்காகத் தோலின் கலன்கள் விரிந்திருப்பதால், குறைந்துபோன குருதி இரண்டு தேவைகளுக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. அந்த மனிதர் சட்டென எழும்போது தலை சுற்றினால் ஏன் என்பதை இப்போது நீங்களே எழுதலாம். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் என்ன ஆகும், வயலுக்கு உப்பிட்ட கஞ்சி கொண்டுபோகும் வழக்கம் உடற்றொழிலியல்படி எவ்வளவு பொருத்தமானது என்பதையும் எழுதிப் பாருங்கள்.

இதே சங்கிலியின் ஓரத்தில் அமைப்பையும் குறித்துவிடுங்கள். அதிரீனற் சுரப்பிகள் சிறுநீரகங்களின் தலையில் அமர்ந்திருக்கின்றன; ஈரல் இருப்பதால் வலது சிறுநீரகம் இடதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கிறது; இடது அதிரீனல் நாளம் இடது சிறுநீரக நாளத்திலும், வலது அதிரீனல் நாளம் நேரடியாகக் கீழ்ப்பெருநாளத்திலும் சேர்கிறது. வாய்மொழிப் பரீட்சையில் இவை அடிக்கடி கேட்கப்படும் வகையைச் சேர்ந்தவை.

எண்களைப் பற்றி

எல்லா எண்களும் தேவையில்லை, சிலவற்றை மட்டும் உறுதியாக வைத்திருங்கள். 70 மில்லிலீற்றரை நிமிடத்துக்கு 70 துடிப்பால் பெருக்கினால் இதய வெளியேற்றம் ஏறத்தாழ 5 லீற்றர். சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 125 மில்லிலீற்றர் வடிக்கின்றன, அது நாளொன்றுக்கு 180 லீற்றர். வெளியேறும் சிறுநீரோ ஒன்றரை லீற்றர் அளவுதான், ஆகவே மீளுறிஞ்சல் எவ்வளவு என்பது தானே வரும். ஒரு மூச்சில் உள்ளே செல்லும் 500 மில்லிலீற்றரில் ஏறக்குறைய 150 வாயுமாற்றம் நிகழாத இடத்திலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் மேலோட்டமாக வேகமாக மூச்சுவிடுவது பயன் தராது. குருதியின் பி.எச். 7.35 முதல் 7.45 வரை, ஓய்விலுள்ள நரம்புக்கலத்தின் மென்சவ்வு மின்னழுத்தம் ஏறத்தாழ −70 மில்லிவோல்ற்று. கணக்கிட்டுப் பெறக்கூடியதைப் பாடமாக்க வேண்டாம்.

ஏழாம் படி: மூடி வைத்துவிட்டு நினைவுகூர்தல்

குறிப்பை மறுபடி மறுபடி வாசிப்பதும் நிறப்பேனையால் கோடிடுவதும் தெரிந்துவிட்டது என்ற உணர்வைத் தருமே தவிர, தேவையான நேரத்தில் விடையைத் தராது. விரிவுரை நடந்த அன்றிரவே கொப்பியை மூடிவிட்டு வெற்றுத்தாளில் படத்தை வரைந்து பெயரிடுங்கள். பின்னர் திறந்து விடுபட்டவற்றைச் சிவப்பில் சேருங்கள். மூன்று நாட்களின் பின்னரும், ஒரு வாரத்தின் பின்னரும், ஒரு மாதத்தின் பின்னரும் அதையே செய்யுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. நாடி எந்த நரம்புக்கு முன்னால் செல்கிறது என்பது சரியாக இருந்தால் போதும்.

மாலையில் விறாந்தையில் இரண்டு மூன்று பேர் கூடிப் படிப்பது எங்கள் பக்கத்தில் இயல்பாகவே உள்ள வழக்கம், அதை முறைப்படுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு சங்கிலியைத் தமிழில் விளக்கட்டும், அடுத்தவர் அதையே பரீட்சை மொழியில் திருப்பிச் சொல்லட்டும், மூன்றாமவர் ஒவ்வொரு கணுவிலும் "ஏன்" என்று இடைமறிக்கட்டும். தமிழில் விளக்க முடியாத இடம் இன்னும் விளங்காத இடம். தமிழில் விளக்கியும் பரீட்சை மொழியில் சொல்ல முடியாத இடம் சொற்பயிற்சி வேண்டிய இடம். இரண்டுக்கும் மருந்து வெவ்வேறு.

உடற்கூற்று ஆய்வுகூடத்திலும் பரீட்சையிலும்

மருத்துவ மாணவர்கள் வெட்டிப் படிக்கும் உடலம் ஒருவர் உயிரோடிருக்கும்போது விரும்பி எழுதிக்கொடுத்ததாக இருக்கலாம். அவரைப் பற்றி வெளியே பேசுவதும், படம் எடுப்பதும் கூடாது. வெட்டும் முன் அன்றைய பகுதியின் என்புகளையும் தசைகளையும் பார்த்துவிட்டு வருபவருக்கே அந்த இரண்டு மணி நேரம் பயன்படும். வெறுங்கையோடு வருபவருக்கு எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும். உண்மையில் அங்கே நாடி சிவப்பாகவோ நாளம் நீலமாகவோ இருப்பதில்லை. நாடியின் சுவர் தடித்து வட்டமாக நிற்கும், நாளம் தட்டையாகச் சரிந்திருக்கும், நரம்பு திண்மையாக வெண்ணிற இழைகளோடு இருக்கும்; விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்துப் பழகுங்கள்.

ஊசி குத்தி அடையாளமிட்ட அமைப்பைப் பெயரிடும் பரீட்சையில், மேசைக்கு வந்ததும் ஊசியைப் பார்க்காதீர்கள். முதலில் இது உடலின் எந்தப் பகுதி, முன்புறமா பின்புறமா, வலமா இடமா என்று தீர்மானியுங்கள். அடுத்துப் பக்கத்தில் ஐயமின்றித் தெரியும் ஓர் அமைப்பைக் கண்டுபிடியுங்கள். அதன்பிறகே ஊசியின் முனை எதைத் தொடுகிறது என்று பாருங்கள். விடையில் பக்கத்தையும் சேர்த்து, "இடது புயநாடி" என்பது போல முழுப்பெயராக எழுதுங்கள்; பக்கம் கேட்கப்பட்டிருந்து எழுதாமல் விட்டால் சரியான விடைக்கும் புள்ளி குறையும்.